இறந்தவர் யார்?

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், எங்கள் பங்கைச் சேர்ந்த கைம்பெண் ஒருவர் தம் மகனுடன் என்னிடம் வந்தார். கையில் இரண்டு தாள்கள் வைத்திருந்தார். ஒன்று, அவர் ஓர் அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் அனுப்பியிருந்த விண்ணப்பத்தின் நகல். மற்றொன்று, அதற்கு வந்திருந்த மறுமொழி. முப்பது ஆண்டுகள் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஆதலால் இத்தகைய தாள்கள் என்னைத் தேடி வருவது வழக்கம்.

செய்தி எளியது. அவருடைய கணவர் ஒரு பட்டறையில் வேலை பார்த்தவர். ஏழு மாதச் சம்பளம் நிலுவையில் நின்றது. ஒருநாள் கணவர் முதலாளியின் வீட்டுக்கே சென்று கேட்டிருக்கிறார். முதலாளியும் மனம் இளகி, பணத்தைத் தந்துவிடுவதாக வாக்களித்திருக்கிறார். மறு வாரம் கணவர் மாரடைப்பால் காலமானார். அதன்பின் முதலாளியின் பேச்சு மாறிவிட்டது. நிலுவையைப் பெற்றுத் தரும்படி வேண்டித்தான் அந்த விண்ணப்பம். எழுதியவன் மகன், பன்னிரண்டாம் வகுப்பு மாணவன், வகுப்பில் ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண் வாங்குகிறவன்.

மறுமொழியில் கேட்டிருந்ததோ இது: தங்கள் கணவர் செலுத்த வேண்டியிருந்த தொகை எவ்வளவு, அந்தக் கடன் தொடர்பாக இந்த அலுவலகத்தை அணுகியதன் காரணம் யாது என்று விளக்குக.

"சார், அவர் ஒருவரிடமும் ஒரு பைசா கடன் வாங்கினவர் இல்லை" என்றார் அந்த அம்மாள். அதற்குமேல் அவருக்குப் பேச வரவில்லை.

விண்ணப்பத்தை வாங்கிப் படித்தேன். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. காலம் காட்டும் வினைகளும் சரியாகவே இருந்தன. நடுவில் ஒரு வாக்கியம் நின்றது. 'மை ஹஸ்பண்டு மெட் தி ஓனர் அண்ட் ஹி பிராமிஸ்டு டு பே தி மணி அண்ட் டைடு தி நெக்ஸ்ட் வீக்.' இவ்வளவுதான்.

இந்த வாக்கியத்தை இலக்கணத்தின் கண்கொண்டு பார்ப்போம். இதில் வினைகள் மூன்று: சந்தித்தல், வாக்களித்தல், இறத்தல். சந்தித்தவர் கணவர், அதில் ஐயமில்லை. வாக்களித்தவர் 'ஹி', அதாவது 'அவர்'. அந்த 'அவர்' கணவராகவும் இருக்கலாம், முதலாளியாகவும் இருக்கலாம். மூன்றாம் வினைக்கோ எழுவாயே எழுதப்படவில்லை. 'அண்ட்' என்னும் இணைப்புச் சொல்லுக்குப் பின் எழுவாய் விடுபட்டிருந்தால், அதற்கு முன் நின்ற வாக்கியத்தின் எழுவாயே இங்கும் எழுவாய் என்று கொள்வது ஆங்கிலத்தின் முறை. ஆகவே, யார் வாக்களித்தாரோ அவரே இறந்தார். 'ஹி' என்பது கணவர் என்றால், பணம் தருவதாகச் சொன்னவரும் இறந்தவரும் கணவரே. அப்படியானால் அவர் கடன்பட்டவர் ஆகிறார். 'ஹி' என்பது முதலாளி என்றால், இறந்தவர் முதலாளி ஆகிறார்! வாக்களித்தவர் ஒருவர், இறந்தவர் மற்றொருவர் என்ற உண்மையை மட்டும் அந்த வாக்கியத்தால் எவ்வழியிலும் சொல்ல இயலாது. விண்ணப்பித்தவர் கைம்பெண் என்பது தெரிந்ததால் அலுவலகத்தார் முதற்பொருளைக் கொண்டனர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

"அம்மா சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தேன் சார்" என்றான் பையன். அவன் சொன்னது முற்றிலும் உண்மை. 'என் கணவர் முதலாளியைப் போய்ப் பார்த்தார். பணத்தைத் தந்துவிடுவதாகச் சொன்னார். மறு வாரம் இறந்துவிட்டார்.' நம் வீடுகளில் இப்படித்தான் பேசுகிறோம். கேட்பவர்க்கு எவ்விதக் குழப்பமும் நேர்வதில்லை.

ஏன் நேர்வதில்லை? தமிழ் வினைமுற்று தன் எழுவாயைத் தன் வாலிலேயே கட்டிக்கொண்டு வருகிறது. 'அண்ணன் தங்கையைப் பார்த்தான். அழுதாள்' என்றால் அழுதவர் யார் என்று ஒருவரும் கேட்கமாட்டார். 'அழுதான்' என்றாலும் அப்படியே. எழுவாயைச் சொல்லாமல் விட்டாலும் 'ஆன்', 'ஆள்' என்னும் விகுதிகள் காவல் நிற்கின்றன. இதனையே நம் இலக்கண நூலார் தோன்றா எழுவாய் என்றனர். ஆனால் அந்தக் காவலும் ஓரிடத்தில் கண்ணயர்ந்துவிடுகிறது. கணவரையும் 'ஆர்' என்கிறோம்; முதலாளியையும் 'ஆர்' என்கிறோம். மரியாதை வந்து நுழைந்தவுடன் ஆணும் பெண்ணும், கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே விகுதிக்குள் மறைந்துவிடுகின்றனர். அந்த அம்மாளின் பேச்சில் உண்மையை நமக்குக் காட்டியது இலக்கணமன்று. அவரை நாம் அறிந்திருந்ததுதான்.

தமிழில் இன்னொரு வழியும் உண்டு. 'சென்று, கேட்டு, திரும்பினார்' என்று வினையெச்சங்களாக அடுக்கினால் செய்தவர் ஒருவரே. 'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலுக்குரிய வினையைக் கொண்டே முடியவேண்டும் என்று தொல்காப்பியம் வினையியலில் விதி வகுத்துள்ளது. உடனே ஒரு விலக்கும் தந்துள்ளது. உறுப்பின் வினை, உறுப்புடையவன் வினையைக் கொண்டும் முடியலாம். 'கால் ஒடிந்து விழுந்தான்' என்கிறோம் அல்லவா? ஒடிந்தது கால்; விழுந்தவன் ஆள். எனினும் குற்றமில்லை, கால் அவனுடையது. ஆள் வேறாகும் இடத்தில் 'செய' என்னும் எச்சம் நமக்குக் கைகொடுக்கும்: 'முதலாளி ஒப்புக்கொள்ள, கணவர் மகிழ்ந்தார்.' ஆள் மாறியதைச் சொல்லாமல் சொல்லும் இந்த நுட்பம் ஆங்கில வினைக்குக் கிடையாது. ஒரு சில இடங்களை ஒழித்தால், அதன் வினைக்கு விகுதி என்பதே இல்லை. 'டைடு' என்ற சொல்லை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் இறந்தவர் ஆணா, பெண்ணா, ஒருவரா, பலரா, நானா, நீரா என்று தெரியாது. ஆதலால்தான் ஆங்கிலம் எழுவாயை விடாப்பிடியாகக் கேட்கிறது. அதை விடுவதற்கு அது இசையும் இடங்களிலும் கண்டிப்பான ஒழுங்கை வைத்திருக்கிறது.

அந்த ஒழுங்கைச் சற்று விரிவாகக் காண்போம். 'அண்ட்', 'பட்', 'ஆர்' ஆகிய மூன்று இணைப்புச் சொற்களுக்குப் பின், எழுவாய் முன்னதே ஆயின், அதனை விட்டுவிடலாம். 'மேரி ஓபன்டு தி டோர் அண்ட் லுக்டு அவுட்.' கதவைத் திறந்தவரும் வெளியே பார்த்தவரும் மேரியே. 1985இல் குவிர்க், கிரீன்பாம், லீச், ஸ்வார்ட்விக் ஆகிய நால்வர் இணைந்து வெளியிட்ட ஆங்கிலப் பேரிலக்கணம், இவ்வாறு எழுவாயை விட இடந்தருவதையே இச்சொற்களை இனங்காணும் சோதனைகளுள் ஒன்றாக வைத்துள்ளது. இச்சொற்கள் தமக்கு இருபுறமும் நிற்கும் வாக்கியங்களைச் சம நிலையில் பிணைப்பவை. அவ்வாறு பிணைத்தபின் ஒரே எழுவாய் இரண்டையும் தாங்கி நிற்கும். எழுவாய் அங்குத் தொலைந்துபோகவில்லை. முதல் வாக்கியத்திலிருந்து கை நீட்டி இரண்டாவதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அந்தப் பிடி எவ்வளவு வலியது என்பதற்கு நாம் நன்கறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ஆங்கிலத் திருப்பலியில் சொல்லப்படும் விசுவாசப் பிரமாணத்தைக் கவனித்துப் பாருங்கள். 2011 முதல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வழங்கிவரும் மொழிபெயர்ப்பில், ஆண்டவர் வானினின்று இறங்கியது, கன்னி மரியாவிடம் உடலெடுத்தது, மனிதரானது ஆகிய மூன்றையும் கூறும் வாக்கியத்துக்கு ஒரே ஒரு 'ஹி'தான் உண்டு. அடுத்த இரண்டு வினைகளும் 'அண்ட்' என்பதன் பின்னே எழுவாயின்றி வருகின்றன. இறங்கியவர் வேறு, மனிதரானவர் வேறு என்று நினைக்க அங்கு இடமே இல்லை. அதே பிரமாணத்தில் இதற்கு நேர்மாறான செயலையும் காணலாம். இலத்தீன் மூலத்தில் 'நம்புகிறேன்' என்னும் சொல் தொடக்கத்தில் ஒருமுறை மட்டுமே வரும். அதன்பின் 'மேலும், ஒரே ஆண்டவரிடத்தும்', 'மேலும், பரிசுத்த ஆவியிடத்தும்' என்று இணைப்புச் சொல்லாலேயே தொடரும். ஆங்கிலத்தில் அதே சொல்லை எழுவாயோடு நான்கு முறை சொல்லுகின்றனர். இதற்கு முன்பிருந்த மொழிபெயர்ப்பில் 'நான்' என்பதற்குப் பதில் 'நாங்கள்' என்று இருந்தது. அதிலும் நான்கு முறைதான். இலத்தீன், தமிழைப் போல விகுதியில் எழுவாயை அடக்கிய மொழி. ஒரு 'கிரேதோ' போதும். அத்தனை நீண்ட வாக்கியத்தில், முதலில் சொன்ன 'ஐ' தொலைவில் போய் மங்கிவிடும் என்று ஆங்கிலம் அஞ்சுகிறது. எனவே மீண்டும் சொல்லுகிறது.

விடுபட்ட எழுவாய் முன் வாக்கியத்தின் எழுவாயே என்பது உலகத்து மொழிகள் அனைத்துக்கும் பொது விதி என்று எண்ணிவிடக் கூடாது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்து வடபகுதியில் ஜிர்பல் என்னும் பழங்குடி மொழி உண்டு. ஆர். எம். டபிள்யூ. டிக்சன் என்னும் மொழியியலறிஞர் 1963இல் அங்குச் சென்று அம்மொழி பேசுவோரிடம் பயின்று, 1972இல் அதன் இலக்கணத்தை வெளியிட்டார். அதில் வியப்பான செய்தி ஒன்று உள்ளது. 'அம்மா அப்பாவைப் பார்த்து, திரும்பினாள்' என்று நாம் சொல்வதைப்போல, இரண்டாம் வினைக்கு ஆள் சொல்லாமல் ஜிர்பல் மொழியில் ஒரு வாக்கியம் சொன்னால், திரும்பியவர் அம்மா அல்லர், அப்பா! பார்க்கப்பட்டவரே அடுத்த வினைக்கு உரியவராகிறார். திரும்பியவர் அம்மாதான் என்று சொல்ல வேண்டுமானால் முதல் வினையின் வடிவத்தையே மாற்றவேண்டும். அம்மொழியினர் இலக்கணம் தெரியாமல் அவ்வாறு பேசவில்லை. அவர்கள் மொழியின் ஒழுங்கு அது. நம் பையனின் வாக்கியத்தை அந்த மக்களுள் ஒருவர் பெற்றிருந்தால் அவர் வேறொரு கதையைப் படித்திருப்பார். விடுபட்ட இடத்தை நிரப்புவது நம் பொது அறிவு என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அதை நிரப்புவது அந்தந்த மொழியின் பழக்கமே.

மீண்டும் ஆங்கிலத்துக்கு வருவோம். நம் பிள்ளைகள் மிகுதியும் தவறுவது 'பிகாஸ்', 'இஃப்', 'வென்', 'ஆல்தோ' முதலிய சொற்களிடத்தில்தான். 'ஹி ஸ்டேய்டு அட் ஹோம் பிகாஸ் வாஸ் ஸிக்' என்று எழுதுகின்றனர். 'உடல்நலம் இல்லாததால் வீட்டிலேயே இருந்தான்' என்ற தமிழ் வாக்கியத்தில் ஆள் ஒருமுறைகூட வராததால், ஆங்கிலத்திலும் ஒருமுறை சொன்னது போதும் என்று தோன்றிவிடுகிறது. ஆனால் இச்சொற்கள் சமமாகப் பிணைப்பவை அல்ல. ஒரு வாக்கியத்தை மற்றொன்றுக்குச் சார்பாக்குபவை. சார்ந்த வாக்கியம் தன் எழுவாயைத் தானே வைத்துக்கொள்ள வேண்டும்: 'பிகாஸ் ஹி வாஸ் ஸிக்.' 'ஸோ' என்பதன் பின்னும் எழுவாயைச் சொல்லிவிடுவதே முறை. 'வென்', 'வைல்' போன்றவற்றில் ஒரு சலுகை உண்டு. எழுவாயை விடுவதானால் அதனுடன் 'வாஸ்' என்பதையும் சேர்த்து விட்டுவிட வேண்டும். 'வைல் ஹி வாஸ் வாக்கிங்' என்க. அல்லது 'வைல் வாக்கிங்' என்க. 'வைல் வாஸ் வாக்கிங்' என்பது இரண்டுங்கெட்டான். சலுகையைப் பயன்படுத்துவோர் பின்னால் வரும் எழுவாயைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 'வைல் குக்கிங் ரைஸ், தி சில்ரன் கேம் ஹோம்' என்று ஒரு மாணவி எழுதினாள். பிள்ளைகள் சோறு சமைத்துக்கொண்டே நடந்து வந்திருக்கின்றனர்!

எழுவாயைக் காசுக்காக விட்ட காலமும் இருந்தது. தந்தி கொடுக்கும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் கட்டணம். 'மதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி.' அன்னைக்குக் கடுமை. புறப்பட வேண்டியது யார் என்று எழுதப்படவில்லை. ஆனால் தந்தி எவர் பெயருக்கு வந்ததோ அவர் அடுத்த வண்டியைப் பிடித்தார். 2013 ஜூலையில் நம் நாட்டில் தந்திச் சேவை நின்றுபோயிற்று. இப்போது கைப்பேசிச் செய்திகளில் அதே மொட்டை நடை மறுபிறவி எடுத்திருக்கிறது. பெறுகிறவர் நம்மை அறிந்தவராக இருக்கும்வரை அதனால் தீங்கில்லை.

எழுவாயைத் திருப்பிச் சொன்னாலும் விட்டாலும் பொருள் ஒன்றே, நடையில்தான் வேறுபாடு என்று நானே பல ஆண்டுகள் கற்பித்து வந்தேன். அது முழு உண்மையன்று. 'எ சைல்டு ஸாங் அண்ட் டான்ஸ்டு' என்றால் பாடியதும் ஆடியதும் ஒரு குழந்தை. 'எ சைல்டு ஸாங் அண்ட் எ சைல்டு டான்ஸ்டு' என்றால் மேடையில் இரண்டு குழந்தைகள். திருப்பிச் சொன்னதும் ஆள் கூடிவிட்டது. 'நாட்' என்னும் எதிர்மறை வந்துவிட்டாலோ சிக்கல் இன்னும் பெரிது. 'ஹி டிட் நாட் கம் அண்ட் டெல் மீ' என்றால் அவர் வரவும் இல்லை, சொல்லவும் இல்லை. 'ஹி டிட் நாட் கம், அண்ட் ஹி டோல்டு மீ' என்று எழுவாயைத் திருப்பிச் சொன்னால் வராதவர் சொல்லியிருக்கிறார். 'நாட்' எதுவரை நீள்கிறது என்பதற்கு எழுவாயே எல்லைக்கல்.

இந்த எல்லைக்கல் இல்லாமையால் எழுந்த வழக்கொன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை சென்றது. போதைப்பொருள் குற்றங்களுக்கு அங்குச் சட்டமே குறைந்த அளவுத் தண்டனையை வரையறுத்துள்ளது. 2018இல் இயற்றப்பட்ட சீர்திருத்தச் சட்டம், பழைய குற்றங்கள் மிகுதியாக இல்லாதவர்களுக்கு அந்த அளவைத் தளர்த்த நீதிபதிகளுக்கு வழி செய்தது. அதன் வாசகத்தின் அமைப்பு இது: குற்றம் சாட்டப்பட்டவருக்கு 'இல்லை' என்று தொடக்கத்தில் ஒரே முறை சொல்லிவிட்டு, கீழே மூன்று கூறுகளை அடுக்கி, கடைசிக் கூற்றுக்கு முன் 'அண்ட்' போட்டுள்ளது. நான்குக்கு மேற்பட்ட குற்றப் புள்ளிகள். மூன்று புள்ளி பெறும் பழைய குற்றம். 'அண்ட்', இரண்டு புள்ளி பெறும் வன்முறைக் குற்றம்.

குற்றம் சாட்டப்பட்டவரிடம் முதல் இரண்டும் இருந்தன, மூன்றாவது இல்லை. தொடக்கத்தில் நின்ற 'குற்றம் சாட்டப்பட்டவருக்கு இல்லை' என்பதை ஒவ்வொரு கூற்றின் முன்னும் மனத்துக்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டால், மூன்றில் எதுவுமே இருக்கக் கூடாது. அவருக்குச் சலுகை கிடையாது. திருப்பிச் சொல்லாமல், மூன்றும் சேர்ந்த தொகுப்பு இல்லை என்று ஒருசேரப் படித்தால், மூன்றாவது இல்லாததால் சலுகை உண்டு. எழுதப்படாத சில சொற்கள் அங்கே இருப்பதாகக் கொள்வதா, இல்லாததாகக் கொள்வதா? அவர் செய்த குற்றத்துக்குச் சட்டம் குறித்த குறைந்த அளவுத் தண்டனை பதினைந்து ஆண்டுச் சிறை. கேள்வியின் கனத்தை இதனால் அறியலாம்.

2024 மார்ச் 15ஆம் நாள் தீர்ப்பு வந்தது. ஆறு நீதிபதிகள் ஒருபுறம், மூவர் மறுபுறம். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய எலனா கேகன் அம்மையார், இலக்கணத்தை மட்டும் பார்த்தால் இரு பொருளும் கூடும் என்பதை ஏற்றுக்கொண்டே மேலே சென்றார். அவர் நாடியது கணக்கை. இரண்டாம் கூற்றுக் குற்றத்துக்கு மூன்று புள்ளி, மூன்றாம் கூற்றுக் குற்றத்துக்கு இரண்டு புள்ளி, கூட்டினால் ஐந்து. அவ்விரண்டும் உள்ளவரிடம் நான்குக்கு மேற்பட்ட புள்ளிகள் இருந்தே தீரும். ஆகவே மூன்றையும் ஒருசேரப் படித்தால் முதற்கூறு வேலையற்று நிற்கும். வேலையற்ற கூறொன்றைச் சட்டம் எழுதி வைக்குமா? எனவே ஒவ்வொன்றின் முன்னும் 'இல்லை' என்பதைத் திருப்பிப் படிப்பதே சரி என்றார். மறுப்புத் தீர்ப்பு எழுதிய நீல் கோர்சச், 'அண்ட்' என்றால் 'அண்ட்' என்றே கொள்ளவேண்டும், எழுதாத சொற்களை நாம் சேர்க்கலாகாது, இதனால் ஆயிரக்கணக்கானோர் சலுகையை இழப்பர் என்று வாதிட்டார். எனக்குக் கேகன் அம்மையாரின் கணக்கு வலுவாகவே படுகிறது. எனினும், ஒரு மனிதன் சிறையில் கழிக்கும் ஆண்டுகளைத் தீர்மானிக்கும் இடத்தில், 'இல்லை' என்பதை மூன்று முறை எழுதுவதற்குச் சட்டம் இயற்றியவர்களுக்கு மைக்கா பஞ்சம் என்ற எண்ணமும் எழாமல் இல்லை. தமிழில் 'இதுவும் அதுவும் உதுவும் இல்லாதவர்' என்றால் மூன்றில் ஒன்றும் இல்லாதவர் என்றே நாம் கொள்வோம். நம்முடைய 'உம்' அந்த வழக்கைத் தொடக்கத்திலேயே தீர்த்திருக்கும்!

நீதிமன்றங்களில் தாக்கல் செய்யும் ஆங்கில உறுதிமொழிப் பத்திரங்களைப் பார்த்திருப்பீர்கள். பத்திக்குப் பத்தி 'ஐ ஸ்டேட் தட்', 'ஐ ஸ்டேட் தட்' என்று வரும். இளைஞர்கள் இதைக் கண்டு நகைப்பர். நகைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு செய்திக்கும் நானே தனித்தனியே பொறுப்பு என்று சொல்லும் முறை அது. வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது கதை வேறு. அங்கே இருப்பவர் ஒருவரே. 'ஐ ஸ்டடீடு ஹியர் அண்ட் ஐ பாஸ்டு அண்ட் ஐ ஜாயின்டு' என்று 'ஐ' வரிசையாக நிற்பது படிப்போரைக் களைப்பூட்டும். அங்கே துணிந்து விட்டுவிடலாம்.

விடும்போது 'அண்ட்' முன்னே காற்புள்ளி வேண்டாம். புதிய எழுவாயைச் சொல்லும்போது காற்புள்ளி இடுவது நலம். அது அலங்காரமன்று. 'வீ மெட் தி பிரீஸ்ட் அண்ட் தி டீச்சர் லாஃப்டு' என்பதைக் காற்புள்ளியின்றிப் படிப்பவர், குருவையும் ஆசிரியரையும் சந்தித்தோம் என்று பாதி வழி போய்விட்டு, 'லாஃப்டு' வந்ததும் திடுக்கிட்டுத் திரும்பவேண்டியிருக்கும்.

அந்த ஞாயிறு மாலை பையனை வீட்டுக்கு வரச் சொன்னேன். இருவரும் அமர்ந்து விண்ணப்பத்தைத் திருத்தினோம். ஒரு வாக்கியத்தை மூன்றாக உடைத்தோம். 'மை ஹஸ்பண்டு மெட் தி ஓனர். தி ஓனர் பிராமிஸ்டு டு பே மை ஹஸ்பண்டு தி அன்பெய்டு வேஜஸ். மை ஹஸ்பண்டு டைடு தி நெக்ஸ்ட் வீக்.' இரண்டாம் வாக்கியத்தில் 'ஹி' என்று எழுதப் போனவனைத் தடுத்தேன். இரண்டு ஆடவர் உள்ள இடத்தில் 'ஹி' பாதி முகமூடி. எழுவாயை விடுவதைக் காட்டிலும் சில சமயம் அதிகமாக ஏமாற்றும். பெயரையே சொல்லிவிட வேண்டும் என்றேன்.

அவனுக்கு அது பிடிக்கவில்லை. "ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதினால் மதிப்பெண் குறையும் சார்" என்றான். வகுப்பில் அவனுக்கு அப்படிச் சொன்னவர் யாராக இருந்தாலும் தவறாகச் சொல்லிவிடவில்லை. நானும் பல ஆண்டுகள் அவ்வாறே சொல்லியவன்தான். "இதற்கு மதிப்பெண் போடுகிறவர் உன் அப்பாவைப் பார்த்ததில்லை அப்பா" என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தான்.

விண்ணப்பம் முழுவதையும் எழுதி முடித்தபின் அதில் 'மை ஹஸ்பண்டு' எத்தனை முறை வந்திருக்கிறது என்று விரல் விட்டு எண்ணினான். ஒன்பது முறை. ஒவ்வொன்றாகப் பார்த்தோம். 'மை ஹஸ்பண்டு வொர்க்டு தேர் ஃபார் டுவெல்வ் இயர்ஸ் அண்ட் மை ஹஸ்பண்டு நெவர் டுக் எ லோன்' என்ற இடத்தில் மட்டும் நடுவில் வேறு ஆள் எவரும் குறுக்கிடவில்லை. அங்கே இரண்டாவதை அடித்துவிட்டான். மற்ற எட்டையும் அப்படியே விட்டுவைத்து, கீழே கையெழுத்திட அம்மாவிடம் எடுத்துச் சென்றான்.